வகுப்பறைக்குப் பாம்பு வந்த பிறகு: ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

ஒரு தொடக்கப் பள்ளியில், ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாம்புகளை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு குழு, ஒரு சோளப் பாம்பையும் ஒரு பந்து மலைப்பாம்பையும் கொண்டுவந்திருந்தது. இரண்டும் விஷமில்லாதவை. வளர்ப்பிடத்திலேயே முட்டையிலிருந்து வெளிவந்து, குட்டியிலிருந்தே மனிதக் கைக்குப் பழகியவை. சாதுவான குணம், கையாள எளிதான உருவம் என்பதால் பல நாடுகளில் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு இந்த இரண்டு இனங்களைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அந்த வகையில் குழுவின் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் பாதியில் பேச்சு: பாம்புகள் எலிகளைத் தின்று பயிரைக் காக்கின்றன, மனிதரைத் துரத்திவந்து கடிப்பதில்லை, பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தொட்டார்கள். துணிச்சலாக முன்வந்தவர்களின் தோளில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு சிறுமி அழுதாள். தோழிகள் “ஒண்ணும் பண்ணாது, வா” என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அழுதுகொண்டே ஒரு விரலால் தொட்டாள், எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பாசிரியர் கதவுக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடியும் நேரத்தில் நிகழ்ச்சி நடத்துநர், “வெளியில பாம்பைப் பார்த்தா தொடக் கூடாது, சரியா?” என்று கேட்டார். “சரி!” என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பள்ளிக்கும் பெற்றோருக்கும் மகிழ்ச்சி. அந்த வாரமே மைதானத்தின் ஓரத்தில், கற்குவியலுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பாம்பை இரண்டு சிறுவர்கள் கையால் எடுத்தார்கள். மதிய உணவு டப்பாவில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். எடுக்கும்போதே அது ஒருவனின் விரலில் கடித்திருந்தது. அவனை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கண்காணிப்பில் வைத்தார்கள். பாம்பு மீட்பவர் ஒருவர் வந்து பார்த்து, அது விஷமில்லாத இனத்தின் குட்டி என்று உறுதி செய்தார். சிறுவன் நலமாக வீடு திரும்பினான்.

பள்ளியின் முதல் எண்ணம், இனி இப்படி ஒரு நிகழ்ச்சியே வேண்டாம் என்பது. குழுவின் முதல் பதில், நாங்கள் தொடாதே என்றுதானே சொன்னோம் என்பது. நான் அந்தக் குழுவைச் சேர்ந்தவள் அல்ல. குழந்தைகளுக்கு இயற்கை வகுப்புகள் எடுப்பவள் என்ற முறையில், நடந்ததைப் பார்த்து எழுதித் தரும்படி இரு தரப்பும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள். பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் குழுவினரோடும் பேசினேன். நிகழ்ச்சியின் காணொளிப் பதிவு முழுவதையும் பார்த்தேன். யாரையும் அடையாளம் காட்டாமல் இங்கே எழுதுகிறேன்.

சிறுவர்கள் சொன்னது

இரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பெற்றோர் முன்னிலையில் சந்தித்தேன். ஏற்கெனவே நிறையத் திட்டு வாங்கியிருந்தார்கள். அதனால் நான் எதையும் விசாரிக்காமல், எப்படி எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஒருவன் உற்சாகமாகக் கையை நீட்டிக் காட்டினான். “அந்த அண்ணா தூக்கின மாதிரியேதான் அக்கா தூக்கினோம். நடுவுல ஒரு கை, வால் பக்கம் ஒரு கை. வேகமா அசையவே இல்ல.”

“தொடக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்களே?”

“அது பெரிய பாம்புக்கு. இது குட்டி.”

அவர்கள் பாடத்தைக் கவனிக்காத பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பிலேயே மிக நன்றாகக் கவனித்தவர்கள் அவர்கள்தாம். பாம்பின் உடலை எங்கே தாங்க வேண்டும், கையை எவ்வளவு மெதுவாகக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாமே சரியாக மனத்தில் பதிந்திருந்தது. அது பதிய வேண்டிய விஷயமே அல்ல என்பதுதான் சிக்கல். ஒரு மணி நேரம் கண்ணும் கையும் கற்றுக்கொண்டது, ‘பாம்பைத் தூக்கலாம், தூக்கும் முறை இதுதான்’ என்பதை. கலைந்து போகும் நேரத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தால் அதை அழிக்க முடியவில்லை.

வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: விளையாடும் இடத்தில் ஒரு பாம்பைப் பார்த்தால் நீ என்ன செய்வாய், வரைந்து காட்டு. பலருடைய படத்தில் பிள்ளையின் கை பாம்பை நோக்கி நீண்டிருந்தது. சிலர் பாம்புக்குச் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். சிலர் ஓடினார்கள். பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல்வதை வரைந்தவர்கள் மிகக் குறைவு. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் முக்கியமான சான்று இந்தப் படங்கள்தாம். கடித்தது இரண்டு சிறுவர்களில் ஒருவனை என்றாலும், கையை நீட்டத் தயாராக இருந்தது வகுப்பில் பெரும்பகுதி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எடுத்த பாம்பு விஷமில்லாததாக இருந்தது வெறும் தற்செயல். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். 2017-இல் அந்த நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. குழந்தைகளின் உடல் எடை குறைவு என்பதால் அதே அளவு விஷம் அவர்களைக் கூடுதலாகத் தாக்கும். குட்டிப் பாம்பு பற்றிய அந்தச் சிறுவனின் கணக்கும் தவறு. விஷமுள்ள இனங்களின் குட்டிகளுக்கு வெளிவந்த நாளிலிருந்தே விஷம் உண்டு.

பயத்தைப் போக்குவது இலக்கா?

குழுவின் திட்டக் குறிப்பில் நோக்கம் என்ற இடத்தில் ‘குழந்தைகளின் பயத்தைப் போக்குதல்’ என்று இருந்தது. பெரும்பாலான பாம்பு நிகழ்ச்சிகளில் இதே வரி இருக்கும். நல்ல எண்ணம்தான். பயந்த மனிதர்கள் கண்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்கிறார்கள், அதனால் பயம் போனால் பாம்பு பிழைக்கும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கு அந்தப் பயம் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் முதலில் பார்ப்பதில்லை.

1928-இல் ஹெரால்டு ஜோன்ஸ், மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் வெவ்வேறு வயதினர் முன்னால் உயிருள்ள, தீங்கற்ற பாம்பு ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் பயமே இல்லை. மூன்று, மூன்றரை வயதில் ஒரு தயக்கம் வந்தது. தெளிவான பயம் நான்கு வயதுக்குப் பிறகுதான் கூடியது. பெரியவர்களிடம் அது இன்னும் அதிகம். 2013-இல் வெளியான வனெசா லோபுவும் சகாக்களும் செய்த ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் பொம்மைகளையும், கூண்டிலும் தொட்டியிலும் இருந்த உயிருள்ள விலங்குகளையும் வைத்தார்கள். குழந்தைகள் விலங்குகளிடம்தான் அதிக நேரம் செலவிட்டார்கள். பாம்பையும் சிலந்தியையும்கூட அவர்கள் ஒதுக்கவில்லை.

அதேசமயம், பாம்பை மனிதக் கண் தனியாகக் கவனிக்கிறது என்பதும் உண்மை. லோபுவும் ஜூடி டெலோச்சும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பல படங்களுக்கு நடுவே பாம்பின் படத்தைக் கண்டுபிடிப்பதில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பூவையோ தவளையையோ கண்டுபிடிப்பதைவிட வேகமாக இருந்தார்கள். ஆக, பிள்ளைகளிடம் முதலில் இருப்பது கூர்ந்த கவனமும் ஆர்வமும். பயம் பின்னால், பெரும்பாலும் நம்மிடமிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது.

இப்படிப் பார்த்தால், ஏழு வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஓர் அறையில் பயத்தைத் துடைத்தெடுப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்வது பொருத்தமில்லை. அங்கே இருக்கிற தயக்கம் பயனுள்ள தயக்கம். அதை அப்படியே விட்டுவிட்டு, பதறாமல் நின்று பார்க்கவும், பின்வாங்கவும், பெரியவரிடம் சொல்லவும் கற்றுக்கொடுத்தால் போதும். இந்த நிகழ்ச்சி அந்தத் தயக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

பழகிய பாம்பு, பழகாத பாம்பு

நடத்துநரின் கையிலிருந்த பந்து மலைப்பாம்பு அமைதியாக இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் கையாளப்பட்டிருக்கிறது. நேரத்துக்கு இரை கிடைக்கிறது. மனிதக் கை என்றால் அது தன்னைத் தின்ன வரும் ஒன்றல்ல என்று அதற்குப் பழகிவிட்டது. இவை எதுவும் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் பார்ப்பது ஒரு பாம்பை, தூக்குகிற ஒரு அண்ணாவை, கடிக்காமல் இருப்பதை. கற்குவியலுக்கு அடியில் இருந்த பாம்புக்கு மனிதக் கை என்பது இரைகொல்லி. அது கடித்தது முற்றிலும் நியாயமான தற்காப்பு.

காணொளியில் இதைச் சொல்ல நல்ல வாய்ப்பு ஒன்று வந்து, கைநழுவிப் போனது. ஒரு பிள்ளை, “இது ஏன் கடிக்கல?” என்று கேட்டது. “நாம தொந்தரவு பண்ணலைன்னா பாம்பு கடிக்காது” என்று பதில் வந்தது. பொதுவாக உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் பாம்பு கையில் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது, அடுத்தடுத்து ஆட்கள் தொடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவு, தூக்குவதும் தொடுவதும் தொந்தரவு இல்லை என்பதுதான்.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது, விஷப்பாம்பை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்த பகுதி. தலை முக்கோணமாக இருந்தால் விஷம், கண்மணி பூனையின் கண்போல் செங்குத்துக் கோடாக இருந்தால் விஷம் என்று இரண்டு விதிகள். இரண்டும் ஆபத்தானவை. விரியன் வகைகள் பலவற்றுக்குத் தலை அகன்றிருக்கும், சரி. ஆனால் நல்லபாம்பு, பெயரில் மட்டும் விரியனான கட்டுவிரியன், பவளப்பாம்பு போன்றவை உள்ள குடும்பத்துக்கு அப்படி முக்கோணத் தலை கிடையாது. விஷமில்லாத பாம்புகள் பல, மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். நல்லபாம்பின் கண்மணி வட்டம். செங்குத்துக் கண்மணி கொண்ட பாம்பு ஒன்று அன்றைக்கு நடத்துநரின் கையிலேயே இருந்தது: விஷமே இல்லாத அந்தப் பந்து மலைப்பாம்பு. ஒரு சிறுமி அதைக் கவனித்துக் கேட்கவும் செய்தாள். நேரம் இல்லாததால் பதில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் பவளப்பாம்பை அடையாளம் காண, சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் ஆபத்து என்ற பொருளில் ஒரு பாட்டு உண்டு. அந்த நாட்டு எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் அந்த விதி செல்லாது. தெற்காசியாவில் விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனையும் கொடிய கட்டுவிரியனையும் பெரியவர்களே மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். உலகில் சுமார் 4,000 பாம்பு இனங்கள் இருக்கின்றன, 600 அளவில் விஷமுள்ளவை. எந்த விதியைச் சொன்னாலும் அதற்கு விதிவிலக்கு எங்காவது இருக்கும். அதிலும் முக்கியமானது, தலையின் வடிவத்தையோ கண்மணியையோ பார்க்க வேண்டுமென்றால் குழந்தை பாம்பின் கிட்டே போக வேண்டும். கிட்டே போகவைக்கிற எந்தப் பாடமும் இந்த வயதுக்கு வேண்டாம். எல்லாப் பாம்பையும் ஒரே மாதிரி நடத்து, அதாவது தள்ளி நில், என்பது ஒன்றே போதும்.

அழுத சிறுமி

அந்தச் சிறுமியைத் துணிச்சல்காரியாக மாற்றிவிட்டோம் என்று குழு நம்பியது. அவளுடைய அம்மா சொன்னது வேறு: அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை, கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்கிறாள்.

பாம்பு பயத்தைப் பற்றி உளவியலில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1969-இல் ஆல்பர்ட் பண்டூராவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பாம்பென்றால் கடும் பயம் கொண்டவர்களுக்கு மிகவும் பலன் தந்த முறை, ஒருவர் முன்னால் செய்து காட்டி, பிறகு பயந்தவரைப் படிப்படியாகப் பங்கெடுக்க வைத்ததுதான். இந்த ஆய்வைச் சொல்லித்தான் பலர் ‘ஒருமுறை தொட்டால் போய்விடும்’ என்கிறார்கள். அங்கே நடந்தது ஒருமுறை தொடுவது அல்ல. ஒவ்வொரு படியையும் தாங்க முடிகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த படிக்குப் போனார்கள், உதவிக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்தார். தோழிகள் இழுக்க, ஊர் கைதட்ட, அழுதுகொண்டே ஒரு விரலை நீட்டுவது அதற்கு நேர் எதிர்.

கடும் பயமுள்ள பிள்ளையைக் குணப்படுத்துவது பள்ளி நிகழ்ச்சியின் வேலை அல்ல. அந்தப் பிள்ளை விரும்பும் தூரத்தில் உட்காரலாம், விரும்பினால் அறையைவிட்டு வெளியே போகலாம் என்ற உறுதியை மட்டும் நிகழ்ச்சி கொடுக்க வேண்டும். அதுவும் தொடக்கத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி.

கதவுக்கு வெளியே நின்ற ஆசிரியர்

வகுப்பாசிரியருக்குப் பாம்பென்றால் மிகுந்த பயம். அவரே வெளிப்படையாகச் சொன்னார், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் காணொளியில் பாம்பு நெளியும்போதெல்லாம் பிள்ளைகளில் சிலர் திரும்பிக் கதவைப் பார்ப்பது தெரிகிறது. தங்களுக்கு நம்பிக்கையான பெரியவரின் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இந்தப் பார்வைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதைச் சூசன் மினெகாவும் மைக்கேல் குக்கும் 1980-களில் ரீசஸ் குரங்குகளை வைத்துக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த, பாம்புக்குப் பயப்படாத இளம் குரங்குகள், காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு மிரளுவதைப் பார்த்த மாத்திரத்தில் தாமும் பயப்படக் கற்றுக்கொண்டன. 1986-இல் வெளியான அவர்களுடைய இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாம்பிடம் அமைதியாக நடந்துகொள்ளும் குரங்கை முதலில் பார்த்திருந்த குரங்குகளில் பெரும்பாலானவை, பிறகு பயந்த குரங்கைப் பார்த்தபோதும் அந்தப் பயத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மனிதக் குழந்தைகள் விஷயத்தில், 2002-இல் கெருல், ரேப்பி இருவரும் செய்த ஆய்வு உண்டு: ரப்பர் பாம்பைப் பார்த்து அம்மா முகம் சுளித்தால், ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தை அந்தப் பொம்மையிடம் போகத் தயங்கியது.

எனவே, பாம்பை முதலில் சந்திக்க வேண்டியது ஆசிரியர்தான். பிள்ளைகள் இல்லாத ஒரு மாலையில், அவருக்கு வசதியான தூரத்தில். அவர் தொட வேண்டியதில்லை. அறைக்குள் ஒரு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்க முடிந்தால் போதும். அதற்கும் முடியாதென்றால், அன்றைக்கு வேறோர் ஆசிரியர் வகுப்பில் இருக்கட்டும்.

பாம்பின் பக்கம்

பதிவை இரண்டாவது முறை பார்த்தபோது நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, பாம்புகளை மட்டும் பார்த்தேன். சோளப் பாம்பு தொடக்கத்தில் நிதானமாக நாக்கை நீட்டி, கையிலிருந்து கைக்கு ஊர்ந்து, சுற்றும்முற்றும் அறிந்துகொண்டிருந்தது. வரிசை பாதியைத் தாண்டியதும் அதன் போக்கு மாறுகிறது. உடல் விறைக்கிறது, வேகமாகச் சட்டைக் கைக்குள் நுழையப் பார்க்கிறது, திரும்பத் திரும்ப அதை வெளியே இழுத்து நீட்டுகிறார்கள். மலைப்பாம்பு தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிறது. அந்த இனத்துக்குப் பெயரே அந்தப் பழக்கத்தால் வந்ததுதான், அது மிரட்சியின் அடையாளம். “பாருங்க, தூங்குது” என்று நடத்துநர் சொல்கிறார். பிறகு அதைப் பிரித்து ஒரு பிள்ளையின் தோளில் போடுகிறார்கள்.

கழுத்தைச் சுற்றிப் பாம்பைப் போடுவதை நான் எந்த வயதினருக்கும் ஏற்க மாட்டேன். மலைப்பாம்பு இரையை இறுக்கிக் கொல்லும் இனம், விழப்போகிறோம் என்று தோன்றினாலும் இறுக்கும். தலை குழந்தையின் முகத்துக்கு அருகில் இருக்கும். குழந்தை பதறி உதறினால் பாம்பு கீழே விழுந்து விலா எலும்புகள் உடையலாம். இதெல்லாம் ஒரு புகைப்படத்துக்காக.

பாம்புக்குக் காது கேட்காது, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்றும் அன்றைக்குச் சொல்லப்பட்டது. பாம்புக்கு வெளிக்காது இல்லை என்பது சரி. உட்காது இருக்கிறது, தாடையோடு இணைந்து தரையின் அதிர்வை உணர்கிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளுக்கும் பாம்புகள் எதிர்வினை காட்டுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓர் அறை நிறையக் குழந்தைகள் குதித்துக் கூச்சலிடுவது அதற்குச் சாதாரண விஷயம் அல்ல.

கை கழுவாமல் சாப்பிட்டது

நிகழ்ச்சி முடிந்ததும் மணி அடித்தது, பிள்ளைகள் நேராகச் சாப்பிடப் போனார்கள். சிலர் கைகளில் கிருமிநாசினி திரவம் தெளித்துக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் கடித்த பாம்பைவிட இதுதான் நடைமுறையில் அதிக ஆபத்து என்று சொல்வேன்.

ஊர்வன பலவற்றின் குடலில், மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கும். பார்த்தால் விலங்கு ஆரோக்கியமாகவே தெரியும். 1996 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோவில், ஒரு மிருகக்காட்சிசாலைக்குக் கொமோடோ டிராகன் என்ற பெரும் பல்லிகளைப் பார்க்கப் போனவர்களிடையே சால்மொனெல்லா தொற்று பரவியது. 65 நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அவர்களில் ஒருவர்கூட அந்த விலங்கைத் தொடவில்லை. தொட்டது, சுற்றியிருந்த மரத்தடுப்பை. பார்த்த பிறகு கை கழுவியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. தொடவே இல்லை என்ற பிள்ளையும் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில், குறைந்தது 20 விநாடி கை கழுவ வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது என்பதே பொது சுகாதார அமைப்புகளின் அறிவுரை. அதனால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு உடல்நலக் காரணம் இருந்தால், அது வகுப்பில் பேசுபொருளாகாமல் பார்த்துக்கொள்வதும் அமைப்பாளரின் பொறுப்பு.

மாற்றி அமைத்தோம்

பள்ளி நிர்வாகத்திடம் நிகழ்ச்சியைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். உயிருள்ள பாம்பு செய்கிற ஒன்றைப் படமோ காணொளியோ செய்வதில்லை. இமையில்லாத கண்ணை, பிளவுபட்ட நாக்கு காற்றிலிருந்து மணத்தை எடுத்து வாய்க்குள் கொண்டுபோவதை, கால் இல்லாமல் ஓர் உயிர் முன்னேறுவதை ஒரு குழந்தை நேரில் பார்க்கும்போது அறையில் ஏற்படும் கவனம் அலாதியானது. அதை இழக்கக் கூடாது. குழுவும் திறந்த மனத்தோடு உட்கார்ந்து பேசியது. சில மாதங்களுக்குப் பிறகு, அதே பிள்ளைகளுக்கு மீண்டும் நடத்தினார்கள்.

இம்முறை ஒரே ஒரு பாம்பு, சோளப் பாம்பு மட்டும். இரை தின்று இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும், கண் மங்கி நீலம்பூத்துச் சட்டை உரிக்கும் பருவத்தில் இருக்கக் கூடாது என்று முன்பே பேசிக்கொண்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் வைத்தார்கள். பிள்ளைகள் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்தார்கள், ஒரு வகுப்பு மட்டும். ஆசிரியர் உள்ளே நாற்காலியில் இருந்தார். முந்தைய மாலை அவர் வந்து பார்த்திருந்தார். முகத்தில் இறுக்கம் இருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

தொடக்கமே ஒத்திகை. பாம்பு அறைக்குள் வரும் முன், ஒரு கயிற்றுத் துண்டைத் தரையில் போட்டு, பார்த்ததும் அசையாமல் நில், மெதுவாகப் பின்வாங்கு, பெரியவரைக் கூப்பிடு என்று ஒவ்வொரு பிள்ளையும் செய்து காட்டியது. கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதும் எளிமையாக: உடனே சொல், ஓடாதே, கடிபட்ட இடத்தை அசைக்காதே, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுப்போட்டு இறுக்குவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. தலைவடிவம், கண்மணி பற்றிய விதிகளை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெட்டி வந்தது. நீண்ட நேரம் யாரும் எதுவும் விளக்கவில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள், கேட்டார்கள். “ஏன் கண்ணைச் சிமிட்டவே இல்ல?” என்பதிலிருந்து பத்து நிமிடப் பேச்சு வளர்ந்தது: இமை இல்லை, ஒரு தெளிந்த செதில் மூடியிருக்கிறது, சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும். உரித்த சட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், அதில் அந்தக் கண்செதிலைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். தொட்டுப் பார்க்கும் ஆசை பாதிப் பிள்ளைகளுக்கு அங்கேயே தீர்ந்தது.

இந்தப் பாம்பு ஏன் அமைதியாக இருக்கிறது என்பதற்குத் தனியாக நேரம் கொடுத்தார்கள். அது எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, நடத்துநர் எத்தனை காலம் பழகினார், அவரும் காட்டுப் பாம்பை வெறுங்கையால் எடுப்பதில்லை என்பதெல்லாம். நடத்துநரே சொன்ன அந்தக் கடைசி விஷயத்தில், டப்பாவில் பாம்பு கொண்டுவந்த சிறுவன் நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

தொடுவது கடைசியில், விரும்பியவர்களுக்கு மட்டும், பாம்பு அனுமதித்தவரை. தலைப்பக்கம் நடத்துநரின் பொறுப்பில், பிள்ளைகள் இரண்டு விரலால் உடலின் பின்பகுதியில் வால் நோக்கி ஒரு முறை வருடுவார்கள். நாலைந்து பேருக்குப் பிறகு பாம்பு மறைவிடம் தேடத் தொடங்கியது. நடத்துநர் நிறுத்தினார். “அதுக்குப் போதும்னு சொல்லுது” என்று காரணத்தையும் காட்டினார். மீதிப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஒரு விலங்கின் மறுப்பை மதிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். என் பார்வையில் அன்றைய நிகழ்ச்சியின் மிக நல்ல பகுதி அது.

போனமுறை அழுத சிறுமி சுவரோரமாக இருந்தாள். “அக்கா, நான் இங்கயே உக்காந்து பாக்கலாமா?” என்று கேட்டாள். பார்த்தாள். தொடவில்லை. பிறகு எல்லோரும் வரிசையாகக் குழாயடிக்குப் போனார்கள், உரித்த சட்டையை மட்டும் தொட்டவர்களும் சேர்த்து.

பிறகு

அதே படம் வரையும் வேலையை மறுபடியும் கொடுத்தேன். பாம்புக்கும் பிள்ளைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. பல படங்களில் ஆசிரியர் வந்துவிட்டார். சிலர் பாம்பை மறைவிடத்தோடு வரைந்தார்கள். இது ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. அதனால் இதை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தகைய நிகழ்ச்சி நடத்தும் எவரும் ஒரு தாள், ஒரு பென்சிலோடு இதைச் செய்து பார்க்கலாம், செய்து பார்க்க வேண்டும். எத்தனை பேர் தொட்டார்கள் என்று எண்ணுவதைவிட இது பயனுள்ளது.

குழுவோடு ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. தொடும் பகுதி இருந்தால்தான் பள்ளிகள் அழைக்கின்றன என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எட்டு வயதுக்குக் கீழே அந்தப் பகுதியே தேவையில்லை என்பது என் கருத்து. இதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை, பேச்சு தொடர்கிறது.

இன்னொன்று, சில வாரங்கள் கழித்து மூன்றாவது முறை வரைந்தபோது தெரிந்தது. சில படங்களில் கை மறுபடியும் பாம்பை நோக்கி நீளத் தொடங்கியிருந்தது. ஒருமுறை கற்றது அப்படியே தங்காது. எனவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், பாம்பு எதுவும் இல்லாமல், கயிற்றுத் துண்டை வைத்து அந்த ஒத்திகையை மட்டும் வகுப்பாசிரியரே நடத்துவதாகப் பள்ளி ஏற்றுக்கொண்டிருக்கிறது. மைதான ஓரத்துக் கற்குவியலை அப்புறப்படுத்தி, பாம்பு மீட்பவரின் தொலைபேசி எண்ணை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.